லினக்ஸ் கெர்னல் செக்யூரிட்டி ஃபோல்டரில் 'இனிஷியலைஸ் ஆகவில்லை' வார்னிங், பில்டு நிற்கிறது, அவசரம்

அரைத்தூக்கம்
திங்கள், இரவு 11:52

வணக்கம். கெர்னல் பில்டு ஆகமாட்டேன் என்கிறது. செக்யூரிட்டி ஃபோல்டரில் இரண்டு மூன்று இடத்தில் ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளின் தொகுப்பு) இனிஷியலைஸ் ஆகாமல், அதாவது மதிப்பு நிரப்பாமல், பயன்படுத்தப்படுகிறது என்று வார்னிங். அதையே எரராக எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. போன மாதம் வரைக்கும் இதே கோடு ஒழுங்காக பில்டு ஆனது, நான் ஒரு வரிகூடத் தொடவில்லை. நாளை மதியம் டெமோ. ஆபீஸ் மெஷினில் நெட் கிடையாது, போனில்தான் எழுதுகிறேன், அதனால் கோடு ஒட்ட வழியில்லை. எப்படி நிறுத்துவது? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈரோட்டு_எலி
இரவு 11:58

டிக்ளேர் செய்கிற வரியில் சமம் போட்டு, ஃபிளவர் பிராக்கெட்டுக்குள் பூஜ்யம் எழுதுங்கள். வேலை முடிந்தது. போய்த் தூங்குங்கள், காலையில் டெமோவுக்குக் கண் சிவந்து நிற்க வேண்டாம்.

மேக்ஃபைல்_மணி
இரவு 12:04

எந்த கெர்னல் வெர்ஷன்? எந்த கம்பைலர்? வார்னிங் முடியும் இடத்தில் சதுர பிராக்கெட்டில் ஒரு ஃபிளாக் பெயர் இருக்குமே, அது என்ன? அதில் 'மேபி' ('நிரப்பாமல் இருக்கலாம்' என்ற சந்தேகம்) என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

ஏன் கேட்கிறேன் என்றால், 'மேபி' வகை வார்னிங்கை 2020-லேயே, 5.7 தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில், லினஸ் டோர்வால்ட்ஸ் சாதாரண பில்டில் வராதபடி அணைத்துவிட்டார். பொய்யாகக் கத்துகிறது என்பதுதான் காரணம். அதற்குப் பிறகு மேக் கட்டளையில் டபிள்யூ=2 என்று நாமே கேட்டால்தான் வரும். உங்களுக்குக் கேட்காமலே வருகிறது என்றால், உங்கள் இடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

ஜிசிசி_ரசிகன்
இரவு 12:10

மணி சார், இதற்கு இவ்வளவு விசாரணை எதற்கு? கம்பைலரை மாற்றியிருப்பார், வேறென்ன. ஜிசிசி கம்பைலரின் 11-ம் வெர்ஷன் வந்ததிலிருந்து (2021) நிரப்பாத வேரியபிளின் முகவரியை கான்ஸ்ட் பாயிண்டராக வாங்கும் ஃபங்ஷனுக்கு அனுப்பினாலே 'மேபி' வார்னிங் வரும். அனுப்புகிறவன் நிரப்பவில்லை, வாங்குகிறவன் கான்ஸ்ட் என்பதால் அவனும் நிரப்பப்போவதில்லை, அப்புறம் படிக்கத்தானே போகிறான் என்பது அதன் கணக்கு. இன்னொரு கம்பைலரான கிளாங் 21-லும் இதேபோல் ஒன்றைச் சேர்த்தார்கள். பழைய கோடு, புது கம்பைலர், எல்லா வீட்டிலும் இதே கதைதான். பழைய கம்பைலருக்கே திரும்பிப் போங்கள், டெமோ முடியட்டும்.

பழைய_பானை
இரவு 12:31

வாரம் ஒருவர் இப்படி வருகிறார். 'நான் ஒன்றும் தொடவில்லை', 'நாளை டெமோ', 'கோடு ஒட்ட முடியாது'. டாக்டரிடம் போய் 'எங்கேயோ வலிக்கிறது, எங்கே என்று சொல்லமாட்டேன், மாத்திரை கொடுங்கள்' என்று கேட்பீர்களா? வார்னிங்கைக் கையால் எழுதியாவது முழுதாகக் கொடுங்கள். செக்யூரிட்டி ஃபோல்டர் என்றால் எது? கெர்னலின் பாதுகாப்பு அமைப்புகளில் எஸ்இலினக்ஸா, ஸ்மாக்கா, ஆப்ஆர்மரா, ஐமாவா? எல்லாம் ஒரே கூரைக்கு அடியில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றின் ஸ்ட்ரக்ட் இன்னொன்றுக்கு ஆகாது. நானெல்லாம் கற்றுக்கொண்ட காலத்தில் கேள்வி கேட்கும் முன் மூன்று நாள் படிப்போம்.

ஈரோட்டு_எலி
இரவு 12:35

அவருக்கு மூன்று நாள் இல்லை பானை சார், பன்னிரண்டு மணி நேரம்தான் இருக்கிறது.

அரைத்தூக்கம்
இரவு 12:47

கெர்னல் 6.6. 'மேபி' இருக்கிறது. எலி அண்ணா சொன்னபடி எல்லா இடத்திலும் பூஜ்யம் போட்டேன், வார்னிங் போய்விட்டது, பில்டு ஆகிறது. ரொம்ப நன்றி. மற்ற விவரம் நாளை சொல்கிறேன்.

மேக்ஃபைல்_மணி
இரவு 12:50

எல்லா இடத்திலும் என்றால் எந்த எந்த இடத்தில்? சரி, தூங்கப் போயிருப்பார்.

சொல்லாய்வு
செவ்வாய், காலை 7:15

இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். 'இனிஷியலைஸ்' என்பதற்கு 'தொடக்கமதிப்பு இடுதல்' என்று அழகாகச் சொல்லலாமே. பாயிண்டருக்குச் 'சுட்டி' எப்போதோ நிலைத்துவிட்டது.

ஈரோட்டு_எலி
காலை 7:40

சுட்டியை மவுஸுக்கும் சொல்கிறார்கள் ஐயா. போன வாரம் 'சுட்டி வேலை செய்யவில்லை' என்று ஒருவர் கேட்டு, பத்துப் பேர் நல் பாயிண்டரைப் பற்றி விளக்கிய பிறகு அவர் பேட்டரி மாற்றிவிட்டுப் போனார்.

ஜிசிசி_ரசிகன்
காலை 9:20

எலிக்கு ஒரு திருத்தம். பூஜ்யம் எழுதாமல் வெறும் ஃபிளவர் பிராக்கெட்டாக விடுவதுதான் கெர்னலில் நல்ல பழக்கம். ஸ்ட்ரக்டின் முதல் உறுப்பு பாயிண்டராக இருந்தால், உள்ளே 0 என்று எழுதினால் கெர்னல் கோடைச் சோதிக்கும் ஸ்பார்ஸ் என்ற கருவி 'நல் போட வேண்டிய இடத்தில் வெறும் எண் போட்டிருக்கிறாய்' என்று புகார் சொல்லலாம். முதல் உறுப்பே இன்னொரு ஸ்ட்ரக்ட் என்றால் பழைய கம்பைலர்களில் பிராக்கெட் குறைகிறது என்று வேறு ஒரு வார்னிங் வரும். காலியாக விட்டால் இரண்டும் இல்லை. முன்பு அது ஜிசிசியின் சொந்த வசதியாக இருந்தது, சி23-ல் மொழியின் விதியாகவே ஆகிவிட்டது.

பழைய_பானை
காலை 9:48

இரண்டுமே அரைகுறை. நினைவகத்தை பைட் பைட்டாக நிரப்பும் மெம்செட் ஃபங்ஷனைப் போடுங்கள். உறுப்புகளுக்கு நடுவே விழும் பேடிங் பைட்டுகளை பிராக்கெட் சுத்தம் செய்யும் என்று சி11 எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு சார், அதற்குப் பக்கத்தில் ஒரு இன்ட் என்றால் நடுவில் மூன்று பைட் இடைவெளி. அந்த ஸ்ட்ரக்டை காப்பி_டு_யூசர் வழியாக கெர்னலுக்கு வெளியே ஓடும் ப்ரோகிராமுக்கு அனுப்பினால், அந்த மூன்று பைட்டில் முன்பு ஸ்டாக்கில் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகத்தில்) கிடந்த கெர்னலின் குப்பையும் கூடவே போகும். இப்படிக் கசிந்த துளைகளுக்கு எத்தனை சிவிஇ (பாதுகாப்புக் குறைப் பதிவு எண்) வந்திருக்கின்றன என்று தேடிப் பாருங்கள்.

ஜிசிசி_ரசிகன்
காலை 10:02

ஜிசிசி நடைமுறையில் பேடிங்கையும் சேர்த்துத்தான் துடைக்கிறது.

பழைய_பானை
காலை 10:05

'நடைமுறையில்' என்பதை நம்பித்தான் யூனியன் (எல்லா உறுப்புகளும் ஒரே இடத்தைப் பகிரும் அமைப்பு) வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15-ன் மாற்றக் குறிப்பைப் படித்தீர்களா? யூனியனுக்குப் பிராக்கெட்டில் 0 எழுதினால் முதல் உறுப்பு மட்டும்தான் பூஜ்யமாகும், மிச்சம் எப்படியோ இருக்கும். முதல் உறுப்பு ஒரு பைட், பெரிய உறுப்பு முப்பது பைட் என்றால் இருபத்தொன்பது பைட் குப்பை.

ஜிசிசி_ரசிகன்
காலை 10:11

படித்தேன். அதே குறிப்பில், காலிப் பிராக்கெட் போட்டால் முழு யூனியனும் சுத்தமாகும் என்றும் எழுதியிருக்கிறது. நான் சொன்னதும் காலிப் பிராக்கெட்தான். அது போதாது என்பவர்களுக்குப் பேடிங்கையும் பூஜ்யமாக்கும் தனி ஃபிளாக் இருக்கிறது, கெர்னல்காரர்களும் 2025-லேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். உங்கள் மெம்செட் அதற்குள் ரிட்டயர் ஆகிவிட்டது.

பழைய_பானை
காலை 10:14

என் மெம்செட் நீங்கள் பிறப்பதற்கு முன்பே வேலை செய்தது, நீங்கள் போன பிறகும் செய்யும்.

செமிகோலன்_செல்வி
காலை 11:30

சண்டை சுவாரசியமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றை இரண்டு பேருமே கேட்கவில்லை. அந்த ஸ்ட்ரக்டில் பூஜ்யம் என்றால் என்ன பொருள்? எப்படித் துடைப்பது என்பதையே பேசுகிறீர்கள். துடைத்த பிறகு மிஞ்சுவது சரியான மதிப்பா?

உதாரணத்துக்கு, எல்எஸ்எம் (இந்தப் பாதுகாப்பு அமைப்புகளுக்கெல்லாம் பொதுவான கெர்னல் கட்டமைப்பு) ஆடிட்டில் காமன்_ஆடிட்_டேட்டா என்று ஒரு ஸ்ட்ரக்ட் உண்டு. அதில் டைப் என்ற உறுப்பு, 'எதைப் பற்றிய தகவல்' என்று சொல்லும். பாத் என்றால் 1, நெட் என்றால் 2. 'எதுவும் இல்லை' என்பதற்கு 0 என்று நினைப்போம், அது 7. பூஜ்யத்துக்கு அங்கே பெயரே கிடையாது. கம்பைலர் வாயை மூடிவிடும், ஆனால் நாம் அட்டவணையில் இல்லாத எண்ணைக் கையில் வைத்திருப்போம்.

ஈரோட்டு_எலி
காலை 11:41

அக்கா, குப்பையைவிடப் பூஜ்யம் மேல்தானே? பாதுகாப்புக்குத்தானே ஸ்டாக்கையே பூஜ்யமாக்கும் கான்ஃபிக் வைத்திருக்கிறார்கள், இனிட்_ஸ்டாக்_ஆல்_ஜீரோ. அதைப் போட்டுவிட்டால் இந்தப் பேச்சே தேவையில்லை.

மேக்ஃபைல்_மணி
பகல் 12:05

அது ஜிசிசியில் 12 முதல்தான் உண்டு, அல்லது கிளாங் வேண்டும். இவர் கம்பைலர் எது என்று இன்னும் சொல்லவில்லை. தவிர, அதைப் போட்டாலும் வார்னிங் நிற்காது. நீ எழுதவில்லை, நான்தான் நிரப்பினேன், அதனால் நீ எழுதாதது எழுதாததுதான் என்று கம்பைலர் சொல்லும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

முன்பு கெர்னலிலேயே அன்இனிஷியலைஸ்ட்_வார் என்று ஒரு மேக்ரோ இருந்தது. வேரியபிளுக்கு அதையே மதிப்பாகக் கொடுத்து கம்பைலரை ஏமாற்றும், 'எக்ஸ் சமம் எக்ஸ்' என்று. நிஜமான பிழைகளையும் அது மறைக்கிறது என்று 2020-ல், 5.9-ல், வேரோடு பிடுங்கிவிட்டார்கள்.

அரைத்தூக்கம்
புதன், மாலை 6:20

டெமோ நன்றாக முடிந்தது, எல்லாருக்கும் நன்றி. இன்னொரு சின்னச் சந்தேகம். டி-மெசேஜில் (கெர்னல் லாகில்) 'ஏவிசி டினைட்', அதாவது அனுமதி மறுத்த லைன் எதுவும் வரவில்லை. முன்பு அவ்வப்போது வரும். டெஸ்ட் எல்லாம் பாஸ். முன்பு ஒன்றிரண்டு காரணமில்லாமல் ஃபெயில் ஆகும், மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகும். இப்போது அதுவும் இல்லை. லாக் மட்டும் ஏன் நின்றது? லீட் கேட்கிறார்.

பழைய_பானை
மாலை 6:33

ஆக, எஸ்இலினக்ஸ். இரண்டு நாள் கழித்து ஊர் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

ஜிசிசி_ரசிகன்
மாலை 6:40

ஆடிட் லாகை எழுதும் ஆடிட்-டி ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருந்தால் டி-மெசேஜில் வராது, வார்-லாக்-ஆடிட்டுக்குள் இருக்கும் ஃபைலுக்குப் போகும். அங்கே பாருங்கள்.

மேக்ஃபைல்_மணி
மாலை 6:52

அங்கேயும் இல்லை என்றால் பாலிசியில் யாராவது டோன்ட்-ஆடிட் ('மறுத்தாலும் லாகில் எழுதாதே') விதி சேர்த்திருக்கலாம். செமாட்யூல் கட்டளைக்கு டி, பி என்ற இரண்டு பெரிய எழுத்து ஃபிளாகும் கொடுத்தால் டோன்ட்-ஆடிட் எல்லாம் நீங்கி பாலிசி மறுபடி கட்டப்படும். அப்போது வருகிறதா என்று பாருங்கள்.

அரைத்தூக்கம்
இரவு 8:05

ஆடிட்-டி இல்லை. டோன்ட்-ஆடிட் நீக்கியும் பார்த்தேன், மற்ற டினையல் வருகிறது, எங்கள் ஃபோல்டர் வழியாகப் போவது மட்டும் வரவில்லை.

செமிகோலன்_செல்வி
இரவு 8:12

'எங்கள் ஃபோல்டர்' என்றால்? கெர்னலோடு வந்த கோடு இல்லையா? பூஜ்யம் போட்ட ஸ்ட்ரக்டின் பெயர் என்ன? அந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று வாயால் சொல்வதுபோலவாவது எழுதுங்கள், கோடு வேண்டாம்.

அரைத்தூக்கம்
இரவு 8:40

ஆமாம், எஸ்இலினக்ஸ் ஃபோல்டருக்குள் எங்கள் கம்பெனி சேர்த்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஏவி_டிசிஷன் ஸ்ட்ரக்ட் ஒன்று இருக்கிறது, பெயர் ஏவிடி. அப்புறம் இன்ட் ஆர்சி. எங்களுக்கென்று ஒரு சின்ன அட்டவணை உண்டு. கேட்பவர், கேட்கப்படும் பொருள் இரண்டுக்கும் அதில் விதி இருந்தால் அதிலிருந்து ஏவிடியையும் ஆர்சியையும் நிரப்பும். விதி இல்லாவிட்டால் 'டினை' (மறு) என்ற லேபிளுக்கு கோட்டூ, அதாவது நேராக அங்கே தாவும். லேபிளில் லாக் எழுதும் ஏவிசி_ஆடிட்டைக் கூப்பிட்டுவிட்டு ஆர்சியை ரிட்டர்ன் செய்யும். அவ்வளவுதான்.

கம்பைலர் ஜிசிசி 9.4, மாற்றவே இல்லை. போன மாதம் லீட்தான் எங்கள் ஃபோல்டரின் மேக்ஃபைலில் அந்த 'மேபி' ஃபிளாகையும், வார்னிங்கை எரராக்கும் ஃபிளாகையும் சேர்த்தாராம். இன்று கேட்ட பிறகுதான் சொன்னார்.

மேக்ஃபைல்_மணி
இரவு 8:44

9.4! ரசிகரே, அந்த கான்ஸ்ட் பாயிண்டர் கதையை மடித்து வைத்துவிடுங்கள்.

ஜிசிசி_ரசிகன்
இரவு 8:47

பொதுவாகச் சொன்னேன்.

செமிகோலன்_செல்வி
இரவு 9:15

சரி, இப்போது புரிகிறது. வார்னிங் பொய் சொல்லவில்லை. ஏவிசி_ஆடிட் ஹெடரில் இருக்கும் இன்லைன் ஃபங்ஷன், அதனால் கம்பைலரால் அதற்குள் எட்டிப் பார்க்க முடிந்தது. அட்டவணையில் விதி இல்லாத வழியில் ஏவிடியை யாருமே நிரப்பவில்லை, ஆனால் லேபிளில் அதைப் படிக்கிறீர்கள்.

ஏவி_டிசிஷனில் மூன்று உறுப்புகள் இங்கே முக்கியம். அலவ்ட் என்பது எந்தெந்த அனுமதி உண்டு என்ற பிட்டுகள். அதில் பூஜ்யம் என்றால் எதற்கும் அனுமதி இல்லை, நல்லதுதான். ஆடிட்-அலவ், அனுமதித்ததில் எதையெல்லாம் லாகில் எழுதுவது. அதிலும் பூஜ்யம் சரி. மூன்றாவது ஆடிட்-டினை, மறுத்ததில் எதையெல்லாம் எழுதுவது. இதில் பூஜ்யம் என்றால் 'எந்த மறுப்பையும் எழுதாதே' என்று பொருள். மறுத்த பிட்டுகளையும் ஆடிட்-டினையையும் ஆண்ட் செய்து பார்த்து, மிச்சம் ஏதாவது இருந்தால்தான் லைன் எழுதும். பாலிசியில் டோன்ட்-ஆடிட் விதி செய்வதும் இந்த பிட்டை இறக்கிவிடுவதுதான். நீங்கள் பூஜ்யம் போட்டதும் 32 பிட்டும் இறங்கிவிட்டது. மணி சார் சொன்ன செமாட்யூல் ஏன் உதவவில்லை என்பதும் இதனால்தான், இது பாலிசியில் இருக்கும் அமைதி இல்லை, உங்கள் சி ஃபைலில் இருப்பது.

கெர்னலின் சொந்தக் கோடில் ஏவிடி_இனிட் என்ற ஃபங்ஷனைப் பாருங்கள், அலவ்ட் 0, ஆடிட்-அலவ் 0, ஆடிட்-டினை மட்டும் 32 பிட்டும் 1. அது சர்வீசஸ் ஃபைலுக்குள் ஸ்டாட்டிக்காக இருப்பதால் வெளியிலிருந்து கூப்பிட முடியாது, நீங்களே அதேபோல் எழுத வேண்டும்.

முன்பு லாக் வந்தது உங்கள் அதிர்ஷ்டம். ஸ்டாக்கில் கிடந்த குப்பையில் சம்பந்தப்பட்ட பிட் தற்செயலாக ஏறியிருந்தபோதெல்லாம் வந்தது.

ஒன்று கேட்க வேண்டும். ஆர்சிக்கு என்ன செய்தீர்கள்?

அரைத்தூக்கம்
இரவு 9:22

அதற்கும் அதே வார்னிங் வந்தது. சமம் 0 போட்டேன்.

செமிகோலன்_செல்வி
இரவு 9:23

ஐயோ.

மேக்ஃபைல்_மணி
இரவு 9:26

டெஸ்ட் எல்லாம் ஏன் பாஸ் ஆனது என்று தெரிந்துவிட்டது.

பழைய_பானை
இரவு 9:34

தம்பி, கோபத்தில் சொல்லவில்லை, மெதுவாகவே சொல்கிறேன். எல்எஸ்எம் ஹூக் (கெர்னல் அனுமதி கேட்கும் ஃபங்ஷன்) 0 ரிட்டர்ன் செய்தால் 'அனுமதி' என்று பொருள். லேபிளின் பெயர் டினை. அந்த டினையிலிருந்து 0 திரும்புகிறது. உங்கள் அட்டவணையில் விதியே இல்லாத எல்லாக் கோரிக்கைக்கும் இந்த வழியில் கதவு திறந்தே இருக்கிறது. லாகும் எழுதாது. திருடன் வந்து போனதற்குக் கால் தடம்கூட இருக்காது.

முன்பு ஆர்சியில் குப்பை இருந்ததால் பெரும்பாலும் பூஜ்யம் அல்லாத ஏதோ ஒன்று திரும்பியது, மறுத்தது. தற்செயலாகப் பூஜ்யம் கிடந்தால் விட்டது. நீங்கள் சொன்ன 'மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகும்' டெஸ்டுகள் எவை என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

ஈரோட்டு_எலி
இரவு 9:41

நான் ஸ்ட்ரக்டுக்குத்தான் சொன்னேன். இன்ட்டுக்குப் போடச் சொல்லவில்லை.

பழைய_பானை
இரவு 9:43

ஸ்ட்ரக்டுக்கும் தப்பாகத்தான் சொன்னீர்கள்.

ஈரோட்டு_எலி
இரவு 9:44

நீங்கள் சொன்ன மெம்செட்டும் இதே பூஜ்யத்தைத்தான் போட்டிருக்கும் சார். பேடிங் மட்டும் பளிச்சென்று இருந்திருக்கும்.

செமிகோலன்_செல்வி
இரவு 10:10

எலி சொல்வதும் நியாயம்தான், பிராக்கெட்டோ மெம்செட்டோ இங்கே ஒன்றுதான்.

அரைத்தூக்கம், டிக்ளேர் செய்யும் வரியில் போட்ட பூஜ்யங்களைத் திரும்ப எடுத்துவிடுங்கள். கோட்டூவுக்கு முன்னால், விதி கிடைக்காத அந்த இடத்திலேயே ஏவிடியின் உறுப்புகளை மேலே சொன்னபடி எழுதி, ஆர்சிக்கு 'அனுமதி இல்லை' என்ற எரர் எண்ணான மைனஸ் ஈஆக்ஸஸ் கொடுங்கள், அதாவது மைனஸ் 13. டிக்ளேரிலேயே மதிப்புப் போட்டுவிட்டால், நாளைக்கு இன்னொரு வழி சேர்த்து நிரப்ப மறந்தாலும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. அது கத்துவதற்கு வாய்ப்பை மிச்சம் வையுங்கள். ரொம்ப பயமாக இருந்தால் ஆர்சியை மட்டும் மேலேயே மைனஸ் 13 என்று வைத்துக்கொள்ளலாம், மறந்தாலும் மறுக்கும்.

பெர்மிசிவ் மோடில் (மறுக்காமல் லாக் மட்டும் எழுதும் மோடில்) சோதிக்கிறீர்களா? எஸ்இலினக்ஸின் சொந்தக் கோடு பெர்மிசிவில் மறுப்பை எழுதிவிட்டு 0 திருப்பும். உங்கள் ஃபங்ஷன் அதைக் கவனிக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

மேக்ஃபைல்_மணி
இரவு 10:25

நேரம் கிடைக்கும்போது ஜிசிசி 12-க்கு மேலே போய், இனிட்_ஸ்டாக்_ஆல்_பேட்டர்ன் போட்டு ஒரு டெஸ்ட் பில்டு எடுங்கள். பூஜ்யத்துக்குப் பதில் ஸ்டாக் முழுக்க ஒரே பைட்டாக நிரப்பும், ஜிசிசியில் எஃப்இ, 64 பிட் கிளாங்கில் ஏஏ. நிரப்பாத இன்ட் எல்லாம் பெரிய நெகட்டிவ் எண்ணாக வந்து நிற்கும், கண்ணில் படாமல் போகாது. வெளியே கொடுக்கும் பில்டுக்கு ஜீரோ, வீட்டுச் சோதனைக்கு பேட்டர்ன். கிளாங்குக்கே போக முடிந்தால் கெர்னல் 6.1-ல் வந்த கேஎம்சான் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. ஓடும்போதே, நிரப்பாத பைட்டை எந்த வரி படித்தது, அது எங்கே பிறந்தது என்று இரண்டையும் சொல்லும். மெதுவாக ஓடும், பொறுமை வேண்டும்.

சொல்லாய்வு
வியாழன், காலை 7:05

'தொடக்கமதிப்பு' என்று சொல்லியிருந்தால், தொடக்கத்தில் எந்த மதிப்பு என்ற கேள்வி தானாகவே வந்திருக்கும்.

ஈரோட்டு_எலி
காலை 7:30

ஐயா, இன்றைக்கு உங்களோடு வாதாட எனக்கு முகமில்லை.

அரைத்தூக்கம்
வியாழன், பகல் 1:10

செல்வி அக்கா சொன்னபடி மாற்றினேன். லாக் வருகிறது. டெமோவில் ஓடிய இரண்டு ஆப் இப்போது ஓட மறுக்கிறது, விதியே இல்லையாம். லீடிடம் சொல்லப் போகிறேன். நன்றி.

செமிகோலன்_செல்வி
பகல் 1:18

மறுப்பது சரிதான். அந்த லைன்களைப் பார்த்து, தேவையானதற்கு மட்டும் விதி எழுதுங்கள். மொத்தமாக எல்லாவற்றையும் அனுமதித்துவிடாதீர்கள்.

மேக்ஃபைல்_மணி
பகல் 1:25

ஒரு கேள்வி. டெமோ முடிந்ததும் அந்த இமேஜை வந்தவர்களிடம் கொடுத்து அனுப்பினீர்களா?

மேக்ஃபைல்_மணி
சனி, காலை 10:40

அரைத்தூக்கம்?

வழிப்போக்கன்
இரண்டு மாதம் கழித்து

எனக்கும் இதே வார்னிங், ஆனால் ஸ்மாக்கில். பூஜ்யம் போட்டால் போய்விடுமா?